பிக்கப்பைத் தூக்கும் முன்: அந்த 2 அங்குலம் எங்கிருந்து வருகிறது?

எதுவும் ஏற்றாத பிக்கப் டிரக்கைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு, பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். மூக்கு தாழ்ந்தும் பின்பக்கம் தூக்கியும் நிற்கும். பெரும்பாலான வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் 1 முதல் 3 அங்குலம் வரை வித்தியாசம் இருக்கும். பலருக்கு இது கண்ணை உறுத்துகிறது. முன்பக்கத்தை மட்டும் தூக்கி மட்டமாக்குவதா, முன்னும் பின்னும் சேர்த்தே உயர்த்துவதா என்று யோசிக்க ஆரம்பிப்பது இங்கிருந்துதான்.

அந்தச் சாய்வைத் தொழிற்சாலை தெரிந்தேதான் வைத்திருக்கிறது. பின்தொட்டியில் அரை டன் சுமை ஏறினால் பின்னால் உள்ள பட்டை ஸ்பிரிங்குகள் அமுங்கி வண்டி மட்டத்துக்கு வந்துவிடும். அதாவது, அது சுமைக்காக ஒதுக்கி வைத்த இடம். காலி வண்டியை மட்டமாக்கிவிட்டு, பிறகு அதே சுமையை ஏற்றினால் வால் தரையை நோக்கி இறங்கி மூக்கு வானத்தைப் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெய்லரையும் கொக்கியில் மாட்டினால் முன்சக்கரங்கள் மீதுள்ள எடை குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். அதனால் உதிரிபாகங்களைத் தேடுவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்: இந்த வண்டி வாரத்தில் எத்தனை நாள் சுமையோடு ஓடுகிறது? பாதிக்கு மேல் என்றால், மட்டமாக்கும்போதுகூட பின்பக்கத்தை அரை அங்குலமாவது உயரமாக விட்டுவைப்பதே என் தேர்வாக இருக்கும்.

அடுத்தது அளவு. தரையிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்புவரை டேப் பிடித்து அளப்பது எல்லோரும் செய்வது. ஆனால் அந்த அளவில் டயரின் உயரமும் காற்றழுத்தமும் கலந்துவிடும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்புவரை அளக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் அளந்து எழுதி வையுங்கள்; அன்று டாங்கில் எவ்வளவு எரிபொருள் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சில வண்டிகள் புதிதாக வரும்போதே ஒரு பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருக்கும். முன்பே அளக்காவிட்டால், வேலை முடிந்தபின் பொருத்தியவர் தவறா, வண்டியின் இயல்பா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

சரி, தூக்குவதற்கு வருவோம். இதில் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுதான். ஒரு சக்கரம் மேலும் கீழும் நகர மொத்தம் இவ்வளவு தூரம் என்று ஓர் எல்லை உண்டு. உதாரணத்துக்கு 8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கும் நிலையில் சக்கரம் மேலே போக 4, கீழே தொங்க 4. பழைய ஷாக் அப்சார்பரையும் பழைய ஆர்ம்களையும் (சக்கரத்தைச் சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கைகள்) வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கி 2.5 அங்குலம் தூக்கினால் மொத்தத் தூரம் கூடுவதில்லை. மேலே போக 6.5, கீழே தொங்க 1.5 என்று பங்குதான் மாறுகிறது. வாங்கிய உயரம் முழுவதும், சக்கரம் பள்ளத்தில் இறங்க வைத்திருந்த தூரத்திலிருந்து எடுத்தது.

இதை ஓட்டும்போதே உணரலாம். வேகத்தடையில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது, முன்சக்கரம் கீழே தொங்க முயன்று, ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டுபோய், ‘டக்’ என்று ஓர் இரும்புச் சத்தம் வரும். குழியின் விளிம்பைத் தாண்டும்போது சக்கரம் குழிக்குள் இறங்காமல் அந்தரத்தில் நின்று, வண்டியின் உடம்பே கீழே விழும். ‘ஸ்பிரிங் ரொம்ப ஹார்டாகிவிட்டது’ என்று ஓட்டுபவர் சொல்வார். உண்மையில் சாதாரண காயில் ஸ்பிரிங்கை முன்கூட்டி இறுக்குவதால் அதன் கடினம் மாறுவதில்லை. அதே கூடுதல் எடைக்கு அதே அளவுதான் அமுங்கும். கீழே தொங்கும் தூரம் தீர்ந்துபோனதுதான் முரட்டுத்தனமாகத் தெரிகிறது.

டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்ட் ரேஞ்சர், இசுஸு டி-மாக்ஸ், ஃபோர்ட் எஃப்-150 போன்ற வண்டிகளின் இப்போதைய தலைமுறைகளில் முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குகின்றன. மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், நடுவில் ஷாக் அப்சார்பரைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங். இவற்றை உயர்த்த மலிவான வழி ஸ்பேசர் என்னும் இடைத்துண்டு. அதில் இரண்டு வகை. ஒன்று ஸ்பிரிங்கின் தலைக்கும் அதன் தட்டுக்கும் இடையில் உட்கார்ந்து ஸ்பிரிங்கை இறுக்குவது. மேலே சொன்ன ‘டக்’ சத்தம் இதனால் வருவது. மற்றது ஷாக் அப்சார்பர் தொகுப்பு முழுவதையும் சேஸிஸிலிருந்து கீழே தள்ளுவது. இதில் ஸ்பிரிங்கைத் தொடுவதே இல்லை என்பதால் ஓட்டம் பழையபடியே இருக்கும், பொருத்துவதும் சுலபம். ஆனால் இங்கே சிக்கல் வேறு. சக்கரம் இதற்கு முன் போயிராத அளவுக்குக் கீழே தொங்க முடிகிறது. அந்த நிலையில் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசலாம், ஆர்மின் நுனியில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் தன் கோண எல்லையைத் தொட்டுவிடலாம். மேலே போகும் பக்கத்திலும், சக்கரம் மேலேறுவதை நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் தடுப்பதற்கு முன்பே ஷாக் அப்சார்பர் அடித்தட்டிப்போக வாய்ப்புண்டு.

ஸ்பேசரைக் கையில் எடுப்பவர் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. ஷாக் அப்சார்பர் கீழ் ஆர்மின் நடுவாக்கில் பொருந்தியிருக்கிறது. சக்கரமோ ஆர்மின் நுனியில். அதனால் மேலே 1 அங்குல ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 2 அங்குலம் உயரும். பெட்டியில் ‘2 அங்குலம்’ என்று எழுதியிருந்தும் உள்ளே இருக்கும் துண்டு 1 அங்குலம்தான் என்று ஏமாற்றமடைய வேண்டாம். இன்னொரு 1 அங்குலத் துண்டை அதன் மேல் அடுக்கவே வேண்டாம்.

முன்பக்கம் 2 அங்குலத்தைத் தாண்டும்போது மற்ற பாகங்கள் ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்க ஆரம்பிக்கும். நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில், டிஃபரன்ஷியலிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயிண்ட்கள் (சக்கரம் ஏறி இறங்கினாலும் திரும்பினாலும் ஷாஃப்ட்டைச் சுழலவிடும் மூட்டுகள்) அதிகக் கோணத்தில் சாயும். அவற்றை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து கிழியும். கிரீஸ் தெறித்துப் போய் மணல் உள்ளே புகும். பிறகு ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது ‘கடக் கடக்’ சத்தம். டிஃபரன்ஷியலைச் சற்றுக் கீழிறக்கும் துண்டுகள் இந்தக் கோணத்தைக் குறைக்கும், ஆனால் அதற்கும் வரம்பு உண்டு.

அடுத்தது வீல் அலைன்மெண்ட். ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்ததும் சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே-வெளியே சாயும் அளவான கேம்பர் மாறிவிடும். அதைச் சரிசெய்ய அட்ஜஸ்ட்மெண்ட் போல்ட்டை முழுவதும் திருப்பினால், சக்கரம் திரும்பும் அச்சு முன்-பின்னாகச் சாயும் அளவான காஸ்டருக்கு இடமில்லாமல் போகும். திருப்பத்திலிருந்து வெளியே வந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராவது காஸ்டரால்தான். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதும் இதே காரணத்துக்காக. காஸ்டர் குறைந்த வண்டி நெடுஞ்சாலையில் அலைபாயும். ஓட்டுபவர் ஒவ்வொரு நொடியும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். இரண்டு மணி நேரத்தில் தோள்பட்டை வலிக்கும். இதற்குத் தீர்வு, காஸ்டரைக் கூடுதலாக வைத்து வடிவமைத்த, பால் ஜாயிண்ட்டுக்கு அதிகக் கோணம் தரும் மாற்று மேல் ஆர்ம்கள். ‘2 அங்குலம்தானே, அலைன்மெண்ட் எதற்கு’ என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

ஆக, முன்பக்கத்துக்கு ஸ்பேசரைவிட நல்ல வழி, நீளமான காயில் ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்ற நீளமான ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பு. இதில் மொத்தத் தூரமே கொஞ்சம் கூடுகிறது; உயரத்துக்காக இழந்த தொங்கும் தூரத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. ஆனால் ஸ்பிரிங் தேர்வில் உயரத்தைவிட எடைதான் முக்கியம். ஒரே வண்டிக்கு, ஒரே உயரத்துக்கு, வெவ்வேறு எடைக்கான ஸ்பிரிங்குகள் கிடைக்கும். முன்னால் இரும்புப் பம்பரும், சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் வின்ச்சும் மாட்டினால் இரண்டும் சேர்ந்து 100 கிலோவை நெருங்கும். அந்த எடைக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் சொன்னதைவிட ஓர் அங்குலம் கூடுதலாக நின்று தூக்கித் தூக்கி அடிக்கும். வெறும் வண்டிக்கான ஸ்பிரிங்கை வின்ச்சோடு போட்டால் போட்ட காசுக்கு உயரமே தெரியாது. என்றாவது மாட்டப்போகும் பம்பருக்காக இன்றே கடினமான ஸ்பிரிங் வாங்குவது பலர் செய்யும் தவறு. எப்போதும் வண்டியோடு இருக்கும் எடைக்கு மட்டும் வாங்குங்கள்.

பழைய பிக்கப்கள் பலவற்றிலும், சில கனரக மாடல்களிலும் காயிலுக்குப் பதில் டோர்ஷன் பார் இருக்கும். முறுக்கப்பட்ட இரும்புக் கம்பிதான் ஸ்பிரிங். ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் எழும்பும், செலவே இல்லை. ஆனால் நடப்பது அதே பங்கு மாற்றம்தான், கீழே தொங்கும் தூரம் கரையும். 1 அல்லது 1.5 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஷாக் அப்சார்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தை மிச்சப்படுத்த எல்லோரும் கைவைப்பது இங்கேதான். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். கடினமான புது ஸ்பிரிங்கைப் பழைய ஷாக் அப்சார்பரோடு போட்டால், ஒரு மேட்டைத் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை குதித்துத்தான் அடங்கும். இரட்டைக் குழாய் கொண்ட ட்வின் ட்யூப் வகையில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறைத்தொகுதியில் இருக்கின்றன. கரடுமுரடான பாதையில் நீண்ட நேரம் ஓடினால் எண்ணெய் சூடாகி நுரைத்து, அடக்கும் சக்தி குறையும். ஒற்றைக் குழாயான மோனோ ட்யூபில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று நைட்ரஜனை எண்ணெயிலிருந்து பிரித்து வைக்கிறது, சூடும் நேராக வெளிச்சுவர் வழியே வெளியேறுகிறது. ஆனால் கல் பட்டு அந்தச் சுவர் ஒடுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ட்வின் ட்யூபுக்கு வெளிச்சுவர் ஒடுங்கினாலும் பெரும்பாலும் ஓடும். தனி எண்ணெய்க் குடுவை வைத்த வகைகள் அழகாகத்தான் இருக்கும். பாலைவனத்தில் மணிக்கணக்கில் வேகமாக ஓட்டுபவருக்கு அது தேவை. தினசரி வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு அந்தப் பணத்தை நல்ல மேல் ஆர்முக்குச் செலவழிக்கலாம்.

பின்பக்கம். ராம் 1500 போன்ற ஒரு சிலவற்றைத் தவிர (அதில் 2009 முதல் பின்னாலும் காயில்தான்), பிக்கப் என்றாலே பின்னால் பட்டை ஸ்பிரிங். இதை உயர்த்த எளிய வழி, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட்டால் கட்டுவது. பட்டையின் கடினம் மாறாது, ஓட்டமும் மாறாது. ஆனால் கட்டை உயரமாக ஆக, ஆக்சிலுக்குக் கிடைக்கும் நெம்புகோலும் நீளமாகிறது. சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு பட்டையை வளைத்து, பிறகு விடுபட்டு உதறும். 2 அங்குலம் வரை பெரிதாகத் தொல்லை தராது. ஒரு கட்டை மேல் இன்னொரு கட்டையை ஒருபோதும் அடுக்கக் கூடாது. திரும்பும் முன் ஆக்சிலில் கட்டை வைப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது. பல இடங்களில் சட்டமே அதைத் தடுக்கிறது.

கட்டைக்குப் பதில் ஒரு பட்டை சேர்க்கலாம். உயரமும் கிடைக்கும், சுமை ஏற்றும்போது அமுங்குவதும் குறையும். விலை, காலி வண்டியில் முதுகெலும்பு வரை தெரியும் அதிர்வு. சுமையோடு மட்டுமே ஓடும் வண்டிக்கு இது நல்ல வழி. பாதி நாள் காலியாக ஓடுவதற்கு, மெல்லிய பட்டைகள் பலவற்றைக் கொண்ட முழுப் புதுக் கட்டு வாங்குவதே சரி. பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாற்றுவது இன்னொரு வழி. 2 அங்குலம் நீளமான ஷேக்கிளுக்கு 1 அங்குலம்தான் உயரும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டும்தான் நகர்கிறது. கூடவே ஆக்சிலும் சற்றுச் சுழன்று, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தை மாற்றும். வண்டி கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இந்தக் கோணம்தான். ஆப்பு வடிவத் தகடும், நடு பேரிங்கைச் சில மில்லிமீட்டர் இறக்குவதும் அதைத் தீர்க்கும்.

காற்றுப் பைகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. சுமை ஏற்றியபின் தாழ்ந்த வாலை நிமிர்த்துவதற்கானவை அவை. பட்டை ஸ்பிரிங் சுமையைச் சேஸிஸில் இரண்டு இடங்களில், ஒரு மீட்டருக்கும் மேலான இடைவெளியில் பகிர்கிறது. காற்றுப் பை நடுவில் ஒரே புள்ளியில் தள்ளுகிறது. ஆக்சிலுக்குப் பின்னால் கனமான சுமை தொங்க, மேடுபள்ளப் பாதையில் பை விறைப்பாக நிற்க, சேஸிஸ் அந்தப் புள்ளியில் வளைந்துபோன வண்டிகள் உண்டு. எந்தப் பட்டையும் எந்தப் பையும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடையைக் கூட்டாது. ஆக்சில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவையே.

பின்பக்கத்தில் பலரும் பார்க்கத் தவறும் பாகம் ஒன்று உண்டு. சில பிக்கப்களில் ஆக்சிலிலிருந்து ஒரு சின்னக் கம்பி சேஸிஸில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் அமுங்கியிருந்தால் சுமை இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். உயர்ந்திருந்தால் காலி வண்டி என்று குறைத்துவிடும். 2 அங்குலம் தூக்கிவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், முழுச் சுமையிலும் அந்த வால்வுக்கு வண்டி பாதிக் காலியாகத்தான் தெரியும். பின் பிரேக் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, அப்படி ஒரு கம்பி இருந்தால் அதன் பிடியையும் அதே அளவு நகர்த்தச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ்களும் ஏ.பி.எஸ். வயர்களும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடாமல் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

லேண்ட் க்ரூஸர் 79, ஃபோர்ட் சூப்பர் ட்யூட்டி, ராம் 2500 போன்ற, முன்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திடமான ஆக்சில் உள்ள வண்டிகளைத் தூக்குவது ஒரு வகையில் சுலபம்: சி.வி. ஜாயிண்ட் கோணத் தொல்லை இல்லை. ஆனால் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி, வண்டி உயர்ந்ததும் ஆக்சிலையே ஒரு பக்கம் இழுக்கும். அந்தக் கம்பியும் ஸ்டீயரிங்கின் இழுவைக் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அந்த இணை கெட்டால் மேட்டில் ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களும் தேய்ந்திருந்தால் முன்பக்கம் முழுவதும் வெறிபிடித்ததுபோல ஆட ஆரம்பிக்கும்.

4 முதல் 6 அங்குலம் வேண்டும் என்றால் அது வேறு உலகம். தனித்தனிச் சக்கர வண்டிகளில் கீழ் ஆர்ம்கள் பொருந்தும் குறுக்குச் சட்டங்கள், டிஃபரன்ஷியல், சக்கரம் மாட்டும் நக்கிள் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கும் முழுத் தொகுப்பு வேண்டும். கோணங்கள் பழையபடி வந்துவிடும் என்பது அதன் நல்ல பக்கம். தூக்கிய உயரம் முழுவதும் அடிவயிற்றின் இடைவெளியாகக் கிடைக்காது என்பது மறுபக்கம், ஏனென்றால் சட்டங்களும் கூடவே இறங்கிவிட்டன. சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் துண்டு வைத்து உயர்த்துவதும் உண்டு. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், சஸ்பென்ஷன் தொடப்படாது, கிரவுண்ட் கிளியரன்ஸ் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது.

கிரவுண்ட் கிளியரன்ஸ்தான் நோக்கம் என்றால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பின்னால் ஆக்சிலின் நடுக்குண்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை எந்த ஸ்பிரிங்கும் மாற்றாது. டயர் மட்டுமே மாற்றும், அதுவும் பாதிதான். 265/70 ஆர்17 டயரின் உயரம் சுமார் 803 மில்லிமீட்டர். 285/70 ஆர்17 சுமார் 831. வித்தியாசம் 28, ஆக்சிலுக்குக் கிடைப்பது 14. அந்த 14 மில்லிமீட்டருக்காக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட 3 சதவீதத்துக்கு மேல் வேகமாக ஓடும், கியர்கள் கொஞ்சம் சோம்பலாகும், கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக் அதிகம் உழைக்கும்.

உயரத்தின் உண்மையான விலை வளைவில்தான் தெரியும். ஒரு வண்டி கவிழாமல் நிற்கும் திறனை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: இடது-வலது சக்கரங்களின் இடைவெளியை, எடைமையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுப்பது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மாடல் வண்டிகளிலிருந்து கவிழும் அபாயத்தை மதிப்பிட இந்த எண்ணைத்தான் எடுத்துக்கொண்டது. சக்கர இடைவெளி 1.6 மீட்டர், எடைமையம் 0.70 மீட்டர் என்று வைத்தால் 1.14. மையம் 7 சென்டிமீட்டர் ஏறினால் 1.04. காகிதத்தில் சின்ன எண். திடீரென்று குறுக்கே வந்த ஒருவருக்காக ஸ்டீயரிங்கை ஒடிக்கும் அந்த ஒரு நொடியில், இருந்த கையிருப்பில் பெரும்பங்கு அது. அதனால்தான் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு 2 அங்குலத்துக்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. எவ்வளவு உயரம் வரை அனுமதி என்பது இடத்துக்கு இடம் மாறும். காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பொருத்தும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். ஆர்ம்களின் புஷ் போல்ட்களையும் பட்டைகளின் கண் போல்ட்களையும், வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை முழுவதும் இறங்கியபின்தான் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, அது ஏற்கெனவே இழுபட்டது. சுமார் 500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். புது ஸ்பிரிங் அதற்குள் சற்று அமர்ந்திருக்கும். அப்போது நான்கு மூலைகளையும் மறுபடி அளந்து, பழைய அளவுகளோடு ஒப்பிட்டு, அலைன்மெண்ட்டையும் இன்னொரு முறை பார்த்துவிடலாம். முன்னால் கேமராவோ ரேடாரோ உள்ள வண்டி என்றால் அவற்றையும் மறுபடி அளவமைக்க வேண்டும்.

அப்புறம் ஹெட்லைட். சக்கரங்களுக்கிடையே 3.2 மீட்டர் உள்ள வண்டியில் முன்பக்கத்தை மட்டும் 2 அங்குலம் தூக்கினால், ஒளி 1.6 சதவீதம் மேல்நோக்கித் திரும்பும். லோ பீம் வழக்கமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதே ஏறத்தாழ 1 சதவீதம்தான். அதாவது ஒளி இப்போது எதிரே வருபவரின் முகத்தை நோக்கி ஏறுகிறது. இருட்டியபின் ஒரு சுவருக்கு எதிரே, விளக்கு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்வரை விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்புங்கள். பத்து நிமிட வேலை. அதை முடித்தபின் வண்டியைச் சாலையில் இறக்கலாம்.